ஏதென்ஸ் வரை போய் ஏதென்ஸைப் பார்க்காத கப்பல்: குவேக்கர் சிட்டி சுற்றுலா, 1867

1867-இன் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு துண்டறிக்கை கைமாறிக்கொண்டிருந்தது. ஒரே கப்பல், ஒரே குழு, சில மாதப் பயணம். பிரான்ஸ், இத்தாலி, கிரேக்கம், துருக்கி, பாலஸ்தீனம், எகிப்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் 1,250 டாலர். கரையில் இறங்கிச் செலவழிக்க நாளொன்றுக்கு 5 டாலர் போதும், ஆனால் அது தங்கமாக இருக்க வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது, காகித டாலருக்குத் தங்கத்தின் மதிப்பு கிடையாது. கப்பலில் நூலகம் உண்டு, இசைக்கருவி உண்டு, அனுபவமுள்ள மருத்துவரும் உண்டு.

கப்பலின் பெயர் குவேக்கர் சிட்டி. இருபுறமும் துடுப்புச் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல், போர்க்காலத்தில் வடக்கு மாநிலங்களின் கடற்படைக்கு வேலை செய்தது. அது ஜூன் 8 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பி நவம்பர் 19 அன்று திரும்பியது. அமெரிக்காவிலிருந்து பழைய உலகத்துக்குப் போன பெரிய ஏற்பாட்டுச் சுற்றுலாக்களில் முதன்மையானதாக இதைச் சொல்வார்கள். பயணிகளில் ஒருவர் சாமுவேல் கிளெமென்ஸ். மார்க் ட்வைன் என்ற பெயரில் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த அவர், இந்தப் பயணத்தை 1869-இல் புத்தகமாக்கினார். அவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடைய நூல்களிலேயே அதிகம் விற்றது அதுதான். அந்தப் புத்தகம் இல்லையென்றால் இந்தச் சுற்றுலாவை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குழு பார்க்கத் தவறிய இடங்களுக்கெல்லாம் காலராதான் காரணம் என்பது வழக்கமான விளக்கம். துண்டறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாளில் எழுதியிருந்த நாலைந்து வரிகளே பிற்பாடு ஒவ்வொன்றாக வந்து காலை வாரிவிட்டன.

தாளில் இருந்தவை

யோசனை பிறந்த இடம் புரூக்ளினில் உள்ள பிளிமத் சர்ச். அங்கே போதகராக இருந்த ஹென்றி வார்டு பீச்சர் அந்நாளில் நாடறிந்த பேச்சாளர். சுற்றுலாவை ஏற்பாடு செய்தவர் கேப்டன் சார்லஸ் டங்கன். பீச்சரும் வருவார், உள்நாட்டுப் போரின் தளபதி ஷெர்மனும் வருவார் என்று பேச்சு கிளம்பியது. விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் டிக்கெட் கிடையாது, ஒரு குழு பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும். 150 பேருக்கு இடமுள்ள கப்பல், ஆனால் முக்கால் பங்குக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்றது துண்டறிக்கை. பிறகு பீச்சர் வரவில்லை, ஷெர்மனும் வரவில்லை. கடைசியில் ஏறியவர்கள் ட்வைன் கணக்கில் சுமார் 65 பேர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் 40 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

பார்க்கப்போகும் இடங்களைத் துண்டறிக்கை எப்படிச் சொன்னது என்பது முக்கியம். நேப்பிள்ஸிலிருந்து வெசூவியஸ் எரிமலை, பழங்காலத்தில் அது புதைத்த ஹெர்குலேனியம், பொம்பெயி, பிறகு கவிஞர் வெர்ஜிலின் கல்லறை. பேஸ்டம் இடிபாடுகள் 'முடிந்தால்'. அங்கிருந்து சிசிலியின் பலெர்மோவில் ஒரு நாள், பிறகு ஸ்ட்ராம்போலி எரிமலையைப் பார்த்தபடி மெசினா நீரிணை வழியாக இரண்டரை, மூன்று நாளில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ். அங்கே கொஞ்சம் தங்கல், பிறகு சலாமிஸ் விரிகுடாவைக் கடந்து கொரிந்துக்கு ஒரு நாள், அப்புறம் கான்ஸ்டான்டினோபிள். லிவோர்னோவில் ஒரு மாலுமி வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, வசதிப்பட்டால் காப்ரேரா தீவில் இத்தாலியப் புரட்சித் தளபதி கரிபால்டியின் வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்றும் ஒரு வரி.

இவை தவிர மூன்று நிபந்தனைகள். துறைமுகங்களில் இறங்க விருப்பமில்லாதவர்கள் கூடுதல் செலவில்லாமல் கப்பலிலேயே தங்கலாம். வழியில் சேகரிக்கும் அரும்பொருள்களைக் கப்பலில் இலவசமாகக் கொண்டுவரலாம். பயணிகள் அனைவரும் ஒருமனதாக வாக்களித்தால் பயணத்தை நீட்டிக்கலாம், பாதையை மாற்றலாம்.

படிக்க எல்லாமே தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் 65 பேர் ஒரு விஷயத்தில் ஒருமனதாக இருப்பது எங்கே நடக்கும்? ஐம்பது பேர் போகும் கோயில் சுற்றுலா பஸ்ஸில் டீக்கு எங்கே நிறுத்துவது என்பதிலேயே இரண்டு கட்சி இருக்கும். அந்த நிபந்தனைக்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: பாதை மாறாது.

என்னதான் இருந்தது பார்க்க?

இன்று ரோம், கிரேக்கச் சுற்றுலா என்றால் மனத்தில் வருகிற பட்டியல் வேறு, 1867-இல் இருந்தது வேறு. ஒலிம்பியாவில் ஜெர்மானியர்களின் பெரிய அகழாய்வு தொடங்கியது 1875-இல். டெல்ஃபியின் மேல் ஒரு கிராமமே உட்கார்ந்திருந்தது, அதை இடம்பெயர்த்துத் தோண்டியது 1890-களில். மைசீனியில் அகழாய்வாளர் ஷ்லீமன் தங்க முகமூடிகளை எடுத்தது 1876-இல். ரோமில் பழைய பொதுச் சதுக்கமான ஃபோரம் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடந்தது, மாடு மேய்ந்த திடல் என்ற பழைய பெயர் அதற்கு அப்போதும் ஒட்டியிருந்தது. கொலோசியத்தின் நடுவில் ஒரு சிலுவை நின்றது. ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வாயிலருகே இடைக்காலத்து மேற்கத்தியர் கட்டிய உயரமான கோபுரம் ஒன்று இருந்தது, அதை இடித்தது 1875-இல்தான்.

ஆகவே கிரேக்கப் பகுதியில் இந்தக் குழுவுக்கு எதிர்பார்ப்பு ஏதென்ஸ், கொரிந்து, எபேசு ஆகிய மூன்றில்தான். தேவாலயத்தில் பிறந்த சுற்றுலாவுக்கு இந்தத் தேர்வு இயல்பானது. மூன்றும் கிறிஸ்தவத்தைப் பரப்பிய அப்போஸ்தலர் பவுலின் ஊர்கள். ஏதென்ஸின் அரியோபாகு குன்றில் அவர் பிரசங்கித்தார், கொரிந்தியருக்குக் கடிதம் எழுதினார், எபேசில் அவரால் ஒரு கலகமே மூண்டது. ஏதென்ஸின் பழைய தலைவர் பெரிக்கிளிஸைவிடப் பவுலைத் தேடித்தான் பலர் வந்திருந்தார்கள். பின்னால் பிரேயஸில் கப்பல் மேல்தளத்தில் நடந்த கூத்துக்கு இதுவே காரணம்.

இத்தாலி: ரயிலில் போனவர், கப்பலில் சிக்கியவர்

1867 கோடையில் இத்தாலியில் காலரா பரவியிருந்தது. இது திடீரென்று வந்த செய்தி இல்லை. 1865-இல் மெக்காவிலிருந்து எகிப்து வழியாக மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்கு நோய் பரவியது. 1866-இல் கான்ஸ்டான்டினோபிளில் இதற்காகவே பன்னாட்டுச் சுகாதார மாநாடு நடந்தது. அதே 1866-இல் நியூயார்க்கிலேயே காலரா வந்தது, துறைமுகத்தில் கப்பல்களை நிறுத்திவைத்தார்கள், நகரத்துக்குப் புதிய சுகாதார வாரியம் அமைத்தார்கள். அந்த நகரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் மறு வருடத்துக்கான துண்டறிக்கையை எழுதினார்கள். அதன் பயணப் பட்டியலில் குவாரன்டைனுக்கு நாள் ஒதுக்கவில்லை.

நோயை உண்டாக்குவது எது என்று அப்போது அதிகாரிகளுக்குத் தெரியாது, ஜெர்மன் மருத்துவர் கோக் அந்த பாக்டீரியாவை அடையாளம் கண்டது 1880-களில். தெரிந்ததெல்லாம் கப்பல் எங்கிருந்து வருகிறது என்பது மட்டுமே. கடைசியாகத் தொட்ட துறைமுகங்கள் எவை, அங்கே நோய் உண்டா, சான்றுத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அடுத்த துறைமுகம் முடிவெடுக்கும். சந்தேகம் வந்தால் கப்பலோடு சேர்த்து அத்தனை பேரும் உள்ளே. ஆனால் தரை வழியாக வந்தவரை யாரும் கேட்கவில்லை. ரயில் பெட்டிகளுக்குக் குவாரன்டைன் கிடையாது, அதில் வருகிறவர் எங்கிருந்து வந்தாலும் சரி என்று ட்வைன் இதைக் கிண்டல் செய்திருக்கிறார்.

லிவோர்னோவில் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. இவ்வளவு பெரிய கப்பல் அட்லாண்டிக் கடந்து வந்தது வெறும் சுற்றுலாவுக்காக என்பதை அங்கிருந்த அதிகாரிகள் நம்பவில்லையாம். வேடமிட்ட கரிபால்டிப் படையோ என்று சந்தேகப்பட்டு, கப்பலை இரவும் பகலும் கண்காணிக்க ஒரு பீரங்கிப் படகை நிறுத்தினார்கள் என்கிறார் ட்வைன். பயணிகள் சிலர் கரிபால்டியைப் போய்ப் பார்த்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. சந்தேகத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. போப்பின் ஆட்சியில் இருந்த ரோமைப் பிடிக்கக் கரிபால்டி படை திரட்டிக்கொண்டிருந்த வருடம் அது, நவம்பரில் மென்டானாவில் சண்டையே நடந்தது. காப்ரேரா பயணத்தைத் துண்டறிக்கையில் ஒரு கவர்ச்சியாகச் சேர்த்தவருக்கு அது அரசியல் என்று தோன்றவில்லை போலும்.

இந்த இடத்தில் குழு பிரிகிறது. ட்வைனும் சிலரும் கப்பலை விட்டுவிட்டு, ஒரு பிரெஞ்சுக் கப்பலில் சிவிட்டாவெக்கியா போய், அங்கிருந்து ரோமுக்கும் பிறகு நேப்பிள்ஸுக்கும் ரயிலில் போனார்கள். நேப்பிள்ஸ் போய்ச் சேர்ந்தபோது அவர்களுடைய கப்பல் துறைமுகத்தில் குவாரன்டைனில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் இறங்க முடியாது, வெளியே இருந்தவர்கள் ஏற முடியாது. ரயிலில் வந்தவர்கள் பொம்பெயி பார்த்தார்கள், வெசூவியஸ் ஏறினார்கள். கப்பலில் இருந்தவர்களுக்கு அதே வெசூவியஸ் கூரைத்துணிக்கு அடியிலிருந்து நாள் கணக்காகத் தெரிந்துகொண்டிருந்தது. விருப்பமில்லாதவர்கள் கப்பலிலேயே தங்கலாம் என்ற அந்தச் சலுகை இங்கே என்னவாயிற்று என்று பாருங்கள்.

இந்தச் சுற்றுலாவை ஆராய எனக்கு நேப்பிள்ஸ் முக்கியமாகப் படுவது இதனால்தான். தங்கும் விடுதியும் வாகனமும் ஒன்றாகவே இருப்பது கப்பல் சுற்றுலாவின் பெரிய வசதி. பெட்டியைத் தூக்கி அலைய வேண்டாம். ஆனால் ஒரு துறைமுகத்தில் கப்பல் மேல் விழுந்த கறை அடுத்த துறைமுகத்தில் எல்லோர் மேலும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மாற்று கையிலேயே இருந்தது, சிலர் செய்தும் காட்டினார்கள். அதை ஒரு முறையாக ஆக்க யாரும் முனையவில்லை.

எல்லா கைடும் ஃபெர்குசன்

கைடுகளோடு இந்தக் குழுவின் உறவு தனிக்கதை. பாரிஸில் கிடைத்த கைடின் பெயர் காதுக்குப் பிடிக்கவில்லை என்று அவருக்கு ஃபெர்குசன் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு எந்த ஊரில் எந்த கைடு வந்தாலும் ஃபெர்குசன்தான். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், ஒரு மனிதரின் பெயரைக் கூடக் கேட்டுக்கொள்ள மாட்டோம் என்கிற அந்த அலட்சியம் எனக்கு அவ்வளவு ரசிக்கவில்லை.

ஆனால் கைடுகளின் தொழில்முறையைப் பற்றி ட்வைன் கவனித்தது கூர்மையானது. ஒவ்வொரு சிலைக்கும் ஓவியத்துக்கும் சொல்ல வேண்டியதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள், நடுவில் குறுக்கிட்டால் நூல் அறுந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும். வியப்பில் வாய் பிளக்கும் வெளிநாட்டவர் கூட்டத்துக்குப் பழகிப்போனவர்கள் அவர்கள். அதைத் தெரிந்துகொண்டு குழுவிலிருந்த டாக்டர் ஒருவர் எதற்கும் வியக்க மறுத்தார். ஜெனோவாவில் கொலம்பஸின் சிலையைக் காட்டியபோது முகத்தில் சலனமே இல்லாமல், ஆள் இறந்துவிட்டாரா என்று கேட்டார். ரோமில் எதைக் காட்டினாலும் மைக்கேலாஞ்சலோ செய்தது என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், எகிப்திலிருந்து வந்த தூணைக் காட்டியபோதும் மைக்கேலாஞ்சலோவா என்று கேட்டார்கள். அவர் பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான வருடம் முந்தையது ஐயா என்று கைடு பதறினார்.

பாதிக்கப்பட்டவர் கைடுதான். பொழுதுக்கு ஒரு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரே கதை, கேள்வி கேட்க நேரம் கிடையாது. அந்த ஏற்பாட்டில் மனப்பாடத்தைத் தவிர வேறென்ன வளரும்?

பொம்பெயியில் இதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது. அங்கே அப்போது பொறுப்பில் இருந்தவர் ஜூசெப்பே ஃபியோரெல்லி. சாம்பல் இறுகி, உடல்கள் மட்கிப்போன வெற்றிடங்களில் சாந்தை ஊற்றி இறந்தவர்களின் உருவங்களை அவர் எடுக்கத் தொடங்கியது 1863-இல். தெருத் தெருவாக, வீடு வீடாக எண்ணிட்டு, மேலிருந்து கீழாக அடுக்கடுக்காகத் தோண்டும் முறையும் அவருடையது. அன்றைக்கு இது மிகப் புதுமையான வேலை. ஆனால் ட்வைன் உருகி எழுதுவது நகர வாசலில் கடமை தவறாமல் நின்றபடியே செத்துப்போன ரோமானியக் காவல்வீரனைப் பற்றி. அப்படி ஒரு எலும்புக்கூடு கிடைத்ததற்கு அகழாய்வுப் பதிவு எதுவும் இல்லை. ஹெர்குலேனியம் வாயிலுக்கு வெளியே இருக்கும் ஒரு கல்லறை மாடத்தைச் சுற்றிக் கட்டிய கதை அது. 1865-இல் எட்வர்டு பாயின்டர் அதை ஓவியமாகவும் தீட்டிவிட, சுற்றுலா வந்தவர்களுக்கு அந்த வீரனைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

அதே ட்வைன், யாரும் கதை சொல்லாத இடத்தில் தானாகக் குனிந்து பார்த்ததுதான் நன்றாக வந்திருக்கிறது. தெருக்கற்களில் வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளங்களைக் கண்டு, இந்த ஊரின் சாலை ஆணையர்கள் தம் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று முடிவு கட்டுகிறார். நீர்த்தொட்டி விளிம்பில் தண்ணீர் குடிக்க வந்தவர்கள் கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடத்தையும் பார்க்கிறார். இரண்டையும் இன்றும் போய்ப் பார்க்கலாம்.

பிரேயஸ்

ஆகஸ்ட் நடுவில் கப்பல் பிரேயஸுக்குள் நுழைந்து நங்கூரம் போட்டது. துறைமுக அதிகாரி படகில் வந்தார். இரண்டில் ஒன்று: கிளம்பிப் போய்விடுங்கள், அல்லது துறைமுகத்துக்கு வெளியே போய் 11 நாள் கப்பலிலேயே கிடங்கள். காலரா பரவிய இத்தாலியிலிருந்து வந்த கப்பலுக்கு வேறு பதில் கிடைக்காது.

கிரேக்கர்கள் வீம்பு பிடித்ததாகப் பயணிகள் எண்ணியிருக்கலாம். ஆனால் அவர்களுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1854-இல் கிரிமியப் போரின்போது பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பிரேயஸைக் கைப்பற்றி உட்கார்ந்தன. பிரெஞ்சு வீரர்களோடு வந்த காலரா பிரேயஸிலிருந்து ஏதென்ஸுக்குப் பரவி ஏராளமானோரைக் கொன்றது. பதின்மூன்று வருடம் அதை மறக்கப் போதாது.

கேப்டன் வெளியே போய் நங்கூரமிட்டு, சாமான் ஏற்றிக்கொண்டு, கான்ஸ்டான்டினோபிளுக்குக் கிளம்ப முடிவு செய்தார். அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான் என்பேன். 11 நாள் காத்திருந்தால் பின்னால் பாலஸ்தீனமும் எகிப்தும் சரிந்திருக்கும். இந்தப் பயணிகளில் பெரும்பாலோருக்குப் பாலஸ்தீனம்தான் உயிர்நாடி. ஒருமனதான வாக்கைப் பற்றிப் பேசவே இடமில்லை.

அன்று பிற்பகல் முழுவதும் எல்லோரும் மேல்தளத்தில். கையில் புத்தகம், வரைபடம், தூரநோக்கி. எது அரியோபாகு, எது பினிக்ஸ், எது மியூசியம் குன்று என்று விவாதம். பக்திமான்கள் ஒரு குன்றைப் பார்த்து, பவுல் பிரசங்கித்த இடம் இதுவே என்று கண் கலங்கினார்கள். அது ஹைமெட்டஸ் மலை என்றது இன்னொரு கட்சி, பென்டெலிக்கோன் என்றது மூன்றாவது கட்சி. கடைசியில் எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தட்டையான உச்சியுடைய மேடு அக்ரோபோலிஸ், அதன் மேலே இருப்பது பள்ளிப் புத்தகத்தில் பார்த்த பார்த்தினன் கோயில். ஒரு வழிகாட்டி இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் தகராறு. ஊர் ஊராக கைடுகளைச் சீண்டிக்கொண்டு வந்தவர்களுக்கு, வேண்டிய நேரத்தில் ஒருவர்கூட இல்லை.

கரையில் இறங்கி மாட்டிக்கொண்டால் என்ன தண்டனை என்று அதிகாரியிடம் முன்பே நூல் விட்டுப் பார்த்திருந்தார்கள். கடுமையாக இருக்கும் என்றார். எவ்வளவு கடுமை என்றதற்கு, மிகக் கடுமை என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

இரவு 11 மணி. கப்பலில் பெரும்பாலோர் தூங்கிவிட்டார்கள். மேகம் மூடிய நிலா. நான்கு பேர் சிறு படகில் கரைக்குப் போனார்கள்: ட்வைன், டாக்டர் ஜாக்சன், டாக்டர் பர்ச், டென்னி. பிரேயஸ் ஊருக்குள் நேராகப் போகாமல் புறத்தே சுற்றி, எட்டு ஒன்பது கிலோமீட்டர் தூரத்தைப் பெரும்பாலும் பாதையில்லாத நிலத்தில் நடந்தார்கள். போகிற வழியில் திராட்சைத் தோட்டத்தில் கை வைத்து, காவல்காரன் கத்தியதும் ஓடினார்கள். அக்ரோபோலிஸ் வாசல் பூட்டியிருந்தது. சத்தம் கேட்டுக் காவலர்கள் நான்கு பேர் எழுந்து வந்தார்கள். காசு கைமாறியது, கதவு திறந்தது.

உள்ளே அவர்கள் பார்த்தது: நிலவொளியில் பார்த்தினன், ஏரெக்தியம், சிறகில்லாத வெற்றித்தெய்வத்தின் சிறு கோயில், தரையெங்கும் கிடந்த உடைந்த சிலைகள், கீழே தூங்கும் நகரம். அவர் புத்தகத்தில் நக்கல் அடங்கி, பார்த்ததை அப்படியே சொல்கிற சில பக்கங்களில் இவை சேர்த்தி. கட்டடங்களின் பெயரைச் சொன்ன கிரேக்கர் ஒருவரைத் தவிர கதை சொல்ல யாருமில்லை, மணி பார்த்து அவசரப்படுத்தவும் யாருமில்லை. திரும்பும் வழியில் மறுபடியும் தோட்டங்களில் புகுந்து, துப்பாக்கியோடு ஆட்கள் பின்தொடர, விடியும் நேரத்தில் கரையை அடைந்து, போலீஸ் படகு வருவதற்குள் தப்பித்துக் கப்பலேறினார்கள். இவர்கள் வந்ததைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர் கிளம்ப, அவர்களைக் கரையிலேயே போலீஸ் துரத்தியடித்தது.

இதைச் சாகசமாகக் கொண்டாடுவது வழக்கம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். காலரா காலத்தில் குவாரன்டைனை மீறி ஊருக்குள் நடந்தது பொறுப்பற்ற செயல், அவர்களில் இரண்டு பேர் டாக்டர்கள் என்பது இன்னும் மோசம். அவர்கள் யாருக்கும் நோயைக் கொண்டுபோகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம். ஆனால் சுற்றுலா ஏற்பாட்டின் கணக்கில் பார்த்தால் உண்மை இதுதான்: 1,250 டாலர் கட்டி வந்தவர்களில் ஏதென்ஸைப் பார்த்தது சட்டத்தை மீறிய நான்கு பேர். கொரிந்தைப் பார்த்தவர் யாருமில்லை.

எபேசில் நடந்த பறிமுதல்

கிரிமியா வரை போய், யால்டா அருகே ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தரைச் சந்தித்துவிட்டு, கப்பல் சிமிர்னாவுக்கு வந்தது. இன்றைய இஸ்மிர். எபேசு பயணத்தின் ஏற்பாடு மட்டும் முதல் தரம். ஆங்கிலேயர் போட்ட ரயில்பாதையின் கண்காணிப்பாளர் தனி ரயில் ஒன்றைக் கொடுத்துத் தானும் கூடவே வந்தார். இடிபாடுகளில் சுற்ற வேண்டிய தூரம் அதிகம் என்பதால் சரக்குப் பெட்டிகளில் 60 கழுதைகளும் வந்தன. உள்ளூரில் பொறுப்பான ஒருவர் இருந்தால் 65 பேரை எவ்வளவு எளிதாக நடத்திச் செல்லலாம் என்பதற்கு இந்த ஒரு நாள் போதும்.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். பயணிகள் சிற்பக் கற்களைப் பொறுக்கினார்கள், பள்ளிவாசல்களின் உள் அலங்காரத்தை உடைத்தும் எடுத்தார்கள். எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ரயில் நிலையத்துக்கு வந்தபோது அரசு அதிகாரி ஒருவர் நின்று, அத்தனையையும் கீழே வைக்கச் சொன்னார். இந்தக் குழு வருகிறது, எதையும் கொண்டுபோக விடாதே என்று கான்ஸ்டான்டினோபிளிலிருந்து அவருக்கு முன்கூட்டியே உத்தரவு வந்திருந்தது. அதாவது, குழுவுக்கு முன்னால் அதன் பெயர் வந்துவிட்டது. நியாயமான கண்டிப்புதான் என்று ட்வைனே ஒப்புக்கொள்கிறார்.

'அரும்பொருள்களை இலவசமாகக் கொண்டுவரலாம்' என்று அச்சடித்துக் கொடுத்த துண்டறிக்கையை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. வழியெல்லாம் சுத்தியலும் கையுமாக நடந்தவர்களை ட்வைன் கேலி செய்வார். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு இடம் ஒதுக்கித் தந்தது ஏற்பாட்டாளர்தான்.

அதே நிலத்தில் இன்னொருவர் முறையாகத் தோண்டிக்கொண்டிருந்தார். ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலேயர், இதே ரயில் நிறுவனத்துக்கு நிலையங்கள் வரைய வந்த கட்டடக் கலைஞர். 1863 முதல் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ஆர்ட்டெமிஸ் கோயிலைத் தேடினார். உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று. அது எங்கே என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. சதுப்பு மண்ணுக்கடியில் அதன் தளத்தை அவர் தொட்டது 1869 டிசம்பர் 31 அன்று. சுற்றுலாக் குழு பார்த்தது அரங்கமும் சிதறிய தூண்களும்தான்.

பால்பெக்கும் ஓய்வுநாளும்

பெய்ரூட்டிலிருந்து குழுவில் பலர் சிறு சிறு அணிகளாகப் பிரிந்து குதிரையில் போனார்கள். ட்வைன் இருந்த அணியில் எட்டே பேர். பெரிய குழுவின் தொல்லை தீர்ந்திருக்க வேண்டும், தீரவில்லை. ரோமானியர் கட்டியதிலேயே மிகப் பெரிய கோயில்களில் ஒன்று லெபனானின் பால்பெக்கில் இருக்கிறது. அந்த ஜூபிடர் கோயிலின் தூண்களில் ஆறு நிற்கின்றன, மேடையில் வைத்த மூன்று கற்கள் ஒவ்வொன்றும் சுமார் 800 டன் இருக்கும். அதற்கும் பெரிய கல் ஒன்று வெட்டியெடுத்தபடி குவாரியிலேயே கிடக்கிறது. இவ்வளவையும் பார்த்த கையோடு கிளம்ப வேண்டியதாயிற்று. டமாஸ்கஸுக்கு மூன்று நாள் வழி. ஓய்வுநாளான ஞாயிறன்று பயணம் செய்ய மாட்டோம் என்று மூன்று பேர் பிடிவாதம் பிடித்ததால் இரண்டு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று முடிவானது. ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த குதிரைகளை விரட்டினார்கள். ஓய்வுநாளைக் காக்க வாயில்லா ஜீவன்களை வதைப்பது என்ன பக்தி என்று ட்வைன் கொதித்தார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம்.

ஒரே சாட்சி

இவ்வளவையும் நாம் பெரும்பாலும் ஒருவர் வாயால் கேட்கிறோம். அவர் கட்டணத்தைக் கட்டியது சான் பிரான்சிஸ்கோவின் ஆல்டா கலிஃபோர்னியா நாளிதழ், கடிதத்துக்கு 20 டாலர் என்ற பேச்சோடு. சுவாரசியமாக எழுதுவது அவர் பிழைப்பு. திரும்பிய மறுநாளே நியூயார்க் ஹெரால்டில், பிணம் மட்டும்தான் குறை, மற்றபடி இது ஒரு சவ ஊர்வலம் என்கிற பாணியில் எழுதிச் சக பயணிகளைக் கொதிக்க வைத்தார். தினமும் ஜெபக் கூட்டம் நடந்த கப்பலில், புகையும் சீட்டாட்டமுமாக இருந்த ஒருவரின் பார்வை இது. கேப்டன் டங்கனுக்கும் அவருக்கும் பின்னாளில் பகை முற்றியது. ஆனால் நான் மேலே எடுத்துக்கொண்ட முக்கியமான விவரங்கள் அவருடைய நகைச்சுவையைச் சார்ந்தவை அல்ல. துண்டறிக்கையின் வாசகத்தைத் தன் புத்தகத்திலேயே முழுதாகச் சேர்த்திருக்கிறார். எல்லோருக்கும் பயணம் வீணானது என்றும் சொல்ல முடியாது. சார்லஸ் லாங்டன் என்ற பையன் காட்டிய அக்காவின் படத்தைப் பார்த்துத்தான் ட்வைன் ஒலிவியா லாங்டன் மேல் மனம் வைத்தார். 1870-இல் திருமணம்.

இன்று பிரேயஸில் இறங்கினால்

இப்போது 11 நாள் குவாரன்டைன் இல்லை, ஆனால் வேறு கதவுகள் இருக்கின்றன. அக்ரோபோலிஸில் 2023 செப்டம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர்தான், அதுவும் மணி வாரியாகப் பிரித்த டிக்கெட்டில். பொம்பெயியும் 2024 நவம்பரிலிருந்து அதே 20,000 என்ற வரம்பை வைத்து, பெயர் போட்ட டிக்கெட் கொடுக்கிறது. காலையில் பிரேயஸுக்கு வரும் கப்பல்களின் பயணிகள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குன்றேறப் பார்ப்பார்கள். கப்பல் இரண்டு மணி நேரம் தாமதித்தால் குழுவின் நேரம் போய்விடும். கிரேக்கத்தில் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் குழுவுக்கு விளக்கம் சொல்லவும் முடியாது. அது நல்லதுதான், காவல்வீரன் கதைகள் குறைந்திருக்கின்றன.

துண்டறிக்கையின் 'முடிந்தால்' மட்டும் அப்படியே இருக்கிறது, இப்போது அது ஒப்பந்தத்தின் பொடி எழுத்துக்குப் போய்விட்டது. வானிலை, வேலைநிறுத்தம், சுகாதாரம் என எந்தக் காரணத்துக்காகவும் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போகும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாகத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. ஏதென்ஸுக்காகவே பணம் கட்டுகிறவர் பிரேயஸை நடுவில் ஒரு நாள் நிறுத்தமாக வைத்திருக்கும் பயணத்தை எடுக்க வேண்டாம். பிரேயஸில் தொடங்கும் பயணமாகப் பார்த்து, இரண்டு நாள் முன்னதாகவே போய் ஊருக்குள் அறை எடுத்துக்கொண்டு, அக்ரோபோலிஸ் டிக்கெட்டைத் தன் பெயரில் தானே வாங்கிவிடுவது உத்தமம்.